பி16 பாசிட்டிவ், வைரஸால வந்த தொண்டைப் புற்றுநோய். இப்ப நுரையீரல்ல புள்ளி. ஜீன் டெஸ்ட் எடுக்கணுமா?

மல்பெரித் தோட்டம், பாலக்கோடு:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எங்களுக்குப் பாலக்கோடு பக்கத்துல கிராமம். ஒன்றரை ஏக்கர் மல்பெரி, ஒரு பட்டுப்புழு ஷெட், தர்மபுரி மார்க்கெட்டுல கூடு போடறோம். அதுதான் பொழைப்பு. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க. யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல.

எங்க வீட்டுக்காரருக்கு 54 வயசு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கழுத்துல இடது பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி வந்துச்சு. வலி இல்ல, காய்ச்சல் இல்ல. அப்ப எங்க புழு அஞ்சாம் பருவத்துல இருந்துச்சு. ராத்திரி பகல் தழை போட்டுக்கிட்டே இருக்கணும், ஒரு வேளை தவறினாலும் கூடு நூல் பிடிக்காது. கூடு கட்டி முடியட்டும், அப்புறம் போலாம்னு அவரே சொல்லிட்டார். பத்து நாள் கழிச்சுப் போனா டிபி கட்டியா இருக்கும்னு சொல்லி மாத்திரை குடுத்தாங்க. அதுல ரெண்டு மாசம் போச்சு. கடைசியா ஓசூர்ல ஒரு டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி, விரல் விட்டுத் தடவிப் பார்த்துட்டு, டான்சில்ல இருந்து சதை எடுத்து அனுப்பினார். கேன்சர். ரிப்போர்ட்டுல பி16 பாசிட்டிவ்னு இருந்துச்சு.

அப்புறம் சேர்ந்த ஆஸ்பத்திரியில (பேர் வேண்டாம்ங்க) “இது எச்பிவி வைரஸால வர்றது, நல்ல டைப்பு, கரண்ட்டுக்கு அப்படியே கரைஞ்சிடும், திரும்ப வராது” அப்படின்னாங்க. 35 கரண்ட் (ரேடியேஷன்) வச்சாங்க, வாரம் ஒரு தடவை மருந்து ஏத்தினாங்க.

எங்க பக்கம் களியை யாரும் மெல்ல மாட்டோம். உருண்டையில ஒரு கிள்ளு எடுத்து, கீரைக் கடைசல்ல தோச்சு, நாக்குல வச்சா வழுக்கிட்டுப் போயிடும். பல்லே இல்லாத எங்க மாமியாரும் களிதான் தின்னாங்க. இருபதாவது கரண்டுக்கு மேல இவருக்கு எச்சில் விழுங்கவே முடியல. மூக்கு வழியா ட்யூப் போட்டு, கேழ்வரகுக் கஞ்சியை வெள்ளைத் துணியில வடிகட்டி ஊத்தினேன். ட்யூப் எடுத்த பிறகும் எச்சில் ஊறாததால எது வச்சாலும் தொண்டையில அப்பிக்கும். ஏழு மாசம் கழிச்சு ஒரு நாள் நெல்லிக்காய் அளவு களி எடுத்து, ரெண்டு ஸ்பூன் மோரை வாயில ஊத்திக்கிட்டு விழுங்கினார். இறங்கிடுச்சு. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அன்னிக்கு எங்க வீட்டுல தீபாவளி.

போன மாசம் செக்கப்புல எடுத்த ஸ்கேன்ல வலது நுரையீரல்ல ஒரே ஒரு புள்ளி, 14 மில்லிமீட்டர். தொண்டையில, கழுத்துல ஒண்ணும் இல்ல. “திரும்ப வந்திருக்கு, ஜீன் மாறியிருக்கலாம், டெஸ்ட் எடுங்க”ன்னு சொல்லி ஒரு லேப் சீட்டு குடுத்திருக்காங்க. ஐம்பதாயிரத்துக்கு மேல ஆகுமாம். அடுத்த கூடு போட்டாத்தான் கையில காசு.

வைரஸ்னா எனக்குத் தெரிஞ்சது பால்புழு நோய்தாங்க. அதுவும் வைரஸ்தான். புழு மஞ்சளா உப்பி, தொட்டா பால் மாதிரி ஒழுகும். அந்தப் புழுவைப் பொறுக்கி எரிச்சு, ஷெட்டு முழுக்க பிளீச்சிங் தண்ணி அடிச்சு, சுண்ணாம்பு தூவிட்டா அடுத்த பேட்ச் தப்பிச்சுக்கும். அப்படின்னா 35 கரண்ட் வச்சும் வைரஸ் சாகலையா? ஜீன் மாறியிருக்குன்னா எங்க பையனுக்கும் வருமா? அவனுக்கு 19 வயசு. எனக்கு ஒட்டுமா?

இன்னொண்ணும் கேக்கணும். இந்த வைரஸ் எப்படி வரும்னு நாத்தனார் போன்ல தேடிப் பார்த்துட்டு, சொந்தக்காரங்க நாலு பேர் இருக்கறப்ப இவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிட்டாங்க. அன்னியில இருந்து இவர் கூடு போட மார்க்கெட்டுக்குக் கூட வர்றதில்ல. நான் 31 வருஷமா இவர்கூட வாழறேன். அவங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.


ஏரிக்கரை:

ஜீன் டெஸ்ட் எல்லாம் காசு பிடுங்கற வேலைம்மா. எங்க பெரியப்பாவுக்கு ஒரு லட்சம் கட்டி எடுத்தோம், கடைசியில பழைய மருந்தையேதான் குடுத்தாங்க. அந்தக் காசுல அவருக்கு நல்லா சாப்பிடக் குடுங்க.


மெழுகு பிளாக், காரிமங்கலம்:

அக்கா, வணக்கம். எனக்குச் சொந்த ஊர் காரிமங்கலம். பதினோரு வருஷமா பெங்களூர்ல ஒரு ஆஸ்பத்திரி பேத்தாலஜி லேப்ல டெக்னீசியனா இருக்கேன். டாக்டர் இல்ல, என்ன மருந்து குடுக்கணும்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்க கேட்டதுல பாதிக்கு மேல என் மேசையில தினமும் நடக்கிற விஷயம். அதனால எழுதறேன்.

முதல்ல ஒண்ணு. நுரையீரல் புள்ளியில இருந்து சதை எடுத்தாங்களா? நீங்க எழுதினதுல அது இல்ல. எடுக்கலேன்னா, அது திரும்ப வந்த தொண்டைக் கேன்சர்னு இப்போதைக்கு யாராலும் உறுதியா சொல்ல முடியாது. தொண்டைக் கட்டி கழுத்தைத் தாண்டிப் போனா உட்கார்ற முதல் இடம் பெரும்பாலும் நுரையீரல்தான், அது சரி. ஆனா ஒத்தைப் புள்ளி டிபியாவும் இருக்கலாம், நுரையீரல்லயே புதுசா முளைச்ச வேற கேன்சராவும் இருக்கலாம். மூணுக்கும் வைத்தியம் வேற வேற. போன தடவை கேன்சரை டிபின்னு நினைச்சு ரெண்டு மாசம் போச்சு, இந்தத் தடவை டிபியைக் கேன்சர்னு நினைச்சுடக் கூடாது. அவர் பீடி பிடிப்பாரா? எத்தனை வருஷம்? அதையும் சொல்லுங்க, காரணம் கீழே இருக்கு.

அடுத்தது அந்த பி16. அவரோட டான்சில்ல எடுத்த துண்டு இப்ப ஒரு மெழுகுக் கட்டிக்குள்ள இருக்கும். தீப்பெட்டியில பாதி கூட இருக்காது, ஓரத்துல ஒரு நம்பர் எழுதியிருக்கும். அதை மெஷின்ல மாட்டி மூணு, நாலு மைக்ரான் கனத்துக்குச் சீவுவோம். ரிப்பன் மாதிரி சுருண்டு வரும். பல்லைக் கடிச்சுக்கிட்டு, மூச்சு விடாம, பிரஷ் நுனியில தூக்கி வெதுவெதுப்பான தண்ணியில மிதக்க விட்டா சுருக்கம் தானா விரியும். அடியில கண்ணாடி ஸ்லைடை விட்டு ஏந்தி எடுக்கணும். பி16 ஸ்டெயின் போட்டா பாசிட்டிவ் செல்லெல்லாம் பிரவுன் ஆகும். நூறு கேன்சர் செல்லுல எழுபதாவது, கருவும் அதைச் சுத்தி இருக்கறதும் சேர்ந்து அழுத்தமா பிரவுன் ஆனாத்தான் பாசிட்டிவ்னு டாக்டர் கையெழுத்துப் போடுவாங்க.

இங்கதான் கவனிக்கணும். பி16 வைரஸ் கிடையாது. அது நம்ம செல்லே பண்ற ஒரு புரதம். எச்பிவி உள்ள போனா அதோட இ7ங்கற புரதம் செல்லோட ஒரு பிரேக்கை உடைச்சிடும், அதனால பி16 அளவுக்கு மீறி ஏறிடும். அதாவது புகையைப் பார்த்து நெருப்புன்னு சொல்றோம். பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும், எப்பவும் இல்ல. 2023ல பல நாட்டு நோயாளிங்க 7,654 பேரோட கணக்கைச் சேர்த்துப் பார்த்தாங்க. பி16, வைரஸ் ரெண்டுமே பாசிட்டிவா இருந்தவங்கள்ல அஞ்சு வருஷம் தாண்டினது 81 சதவீதம். பி16 மட்டும் பாசிட்டிவ், வைரஸ் இல்லன்னா 55 சதவீதம்தான். எச்பிவியால வர்ற தொண்டைக் கேன்சர் எந்த ஊர்ல குறைவோ அங்கதான் இந்த முரண்பாடு அதிகம். நம்ம நாட்டுல இன்னும் புகையிலையாலதான் அதிகம் வருது. அதனால உங்க கையில இருக்கிற பி16 பாசிட்டிவ்ங்கற ஒரு வரியை வச்சு “நல்ல டைப்பு, திரும்ப வராது”ன்னு அவங்க சொன்னதே தப்புக்கா. வைரஸ் நிஜமாவே இருந்தாலும் நூத்துக்குப் பத்துல இருந்து இருபத்தஞ்சு பேருக்குத் திரும்ப வருது. அந்த வார்த்தையை நம்பி நீங்க ரெண்டு வருஷம் நிம்மதியா இருந்திருப்பீங்க. படிச்சப்ப எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.

பால்புழு நோயை வச்சுக் கேட்டீங்களே, அதை வச்சே சொல்றேன். அது புழுவையே கொல்ற வைரஸ். இது செல்லைக் கொல்லாது, சாகாம வச்சுக்கும். இ6ங்கற புரதம் பி53ங்கற காவல்காரனைப் பிடிச்சுத் தின்னுடும். செல் கெட்டுப்போச்சுன்னா ‘நீ செத்துப்போ’ன்னு சொல்றது அந்த பி53தான். இ7 செய்யறதை மேலயே சொல்லிட்டேன். கரண்ட் அடிச்சது வைரஸை இல்லக்கா, இப்படி மாறிப்போன செல்லை. திரும்ப வந்திருந்தா அது ஒரு செல் கரண்டுக்குத் தப்பிச்சு வேற இடத்துல போய் வளர்ந்தது. வைரஸ் வெளியில இருந்து மறுபடி நுழைஞ்சதுன்னு அர்த்தம் இல்ல. நீங்க வீட்டுல எதையும் சரியா சுத்தம் பண்ணாம விட்டுடல.

ஜீனுக்கு வர்றேன். 2015ல அமெரிக்காவுல தலை, கழுத்துக் கட்டிகள் 279ஐ எழுத்து எழுத்தாப் படிச்சாங்க. புகையிலையால வந்ததுல பெரும்பாலும் டிபி53ங்கற ஜீன் (காசநோய் டிபி இல்ல) உடைஞ்சிருந்துச்சு, பி53 காவல்காரனுக்கு அச்சு அதுதான். வைரஸால வந்ததுல அது அநேகமா உடையாம இருந்துச்சு. காவல்காரனைத்தான் வைரஸ் தின்னுடுதே, அச்சை உடைக்க அவசியம் இல்ல. அதுக்குப் பதிலா பிஐகே3சிஏன்னு ஒரு ஜீன்ல மாற்றம், டிராஃப்3ன்னு ஒண்ணு காணாமப் போறது, இந்த மாதிரி. அந்தப் பிஐகே3சிஏ மாற்றம் ரெண்டே இடத்துல, 542, 545ல, திரும்பத் திரும்ப வருது. நம்ம உடம்புல வைரஸோட டிஎன்ஏவைக் கெடுக்கறதுக்குன்னே அபோபெக்னு ஒரு நொதி இருக்கு. அது குறி தவறி நம்ம ஜீனையே கெடுத்துட்ட தழும்பு மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. பயிரை மேய வந்த மாட்டை விரட்டப் போட்ட கல்லு நம்ம வீட்டு ஓட்டுலயே விழுந்த கதை.

திரும்ப வந்த கட்டிகளைப் பார்த்தப்போ, சிலதுல வைரஸோட டிபி53 உடைப்பும் சேர்ந்திருந்துச்சு. அப்படி இருந்தா அது வைரஸ் கட்டி மாதிரி சாதுவா நடந்துக்கறதில்ல. பீடியைப் பத்திக் கேட்டதுக்கு இதுதான் காரணம். 2010ல வந்த ஆய்வுல, வைரஸ் பாசிட்டிவ்னாலும் தினம் ஒரு பாக்கெட் வீதம் பத்து வருஷத்துக்கு மேல பிடிச்சவங்கள்ல, கழுத்து முடிச்சுலயும் அதிகமா பரவியிருந்தவங்களோட நிலைமை ஒரு படி கீழே இறங்கிடுச்சு.

இதெல்லாம் கட்டியோட செல்லுக்குள்ள மட்டும் நடந்த மாற்றம். அப்பா அம்மாகிட்ட இருந்து வந்தது இல்ல, பையனுக்குப் போறதும் இல்ல. இதை மட்டும் இன்னிக்கு ராத்திரி நிம்மதியா நம்பித் தூங்குங்க. பையனுக்கு 19ங்கறதால எச்பிவி தடுப்பூசி போடலாம். நம்ம நாட்டுலயே பண்ற செர்வாவாக் ஆம்பளைப் பசங்களுக்கும் 26 வயசு வரை போடறாங்க, அவன் வயசுக்கு மூணு ஊசி. உங்களுக்கு ஒட்டுமான்னு பயப்பட வேண்டாம். முப்பது வயசு தாண்டின எல்லாப் பொண்ணுங்களும் பண்ணிக்க வேண்டிய கர்ப்பப்பை வாய் டெஸ்ட்டை நீங்களும் பண்ணிக்குங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துலயே காசில்லாமப் பார்ப்பாங்க.

அப்ப ஐம்பதாயிரம்? ஏரிக்கரை அண்ணா சொன்னதுல பாதி சரி. இன்னிக்குத் தேதியில பெரிய ஜீன் பேனல் (நிறைய ஜீனை ஒரே தடவையில பார்க்கிற டெஸ்ட்) எடுத்துப் பிஐகே3சிஏ இருக்குன்னு தெரிஞ்சாலும், அதுக்குன்னு இருக்கிற அல்பெலிசிப் மாத்திரை மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி வாங்கினது, தொண்டைக்கு இல்ல. அதனால எதை முதல்ல கேக்கணும்னா: நுரையீரல் புள்ளியில பயாப்ஸி, அதாவது சதை எடுத்துப் பார்க்கறது. அது கேன்சர்னு வந்தா, அதுலயும் பழைய டான்சில் பிளாக்லயும் எச்பிவி வைரஸையே நேரடியாத் தேடற டெஸ்ட். ரெண்டுலயும் இருந்தா தொண்டையில இருந்து வந்ததுன்னு முடிவாயிடும். வெறும் பி16ஐ நுரையீரல்ல நம்ப முடியாது, அங்க முளைக்கிற கேன்சர்லயும் அது ஏறும். அப்புறம் பிடிஎல்1 ஸ்டெயின். இம்யூனோதெரபி, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியையே கேன்சர் மேல ஏவி விடற வைத்தியம் பத்தி டாக்டர் முடிவெடுக்க அது வேணும். இது மூணும் சேர்ந்தாலும் பொதுவா பெரிய பேனல் அளவுக்கு ஆகாது. பேனலே வேண்டாம்னு நான் சொல்லல. வரிசையில அது கடைசி.

பிளாக்கை அந்த ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்து, கையெழுத்துப் போட்டு வாங்கலாம். “ஸ்லைடும் பிளாக்கும் வேணும், வேற இடத்துல ஒப்பீனியன் கேக்கறோம்”னு சொல்லுங்க. பயாப்ஸி நம்பர் பழைய ரிப்போர்ட்டுல மேல வலது மூலையில இருக்கும். வாங்கினதும் பஸ்ல ஜன்னலோரம் வெயில்ல வைக்காதீங்க. மெழுகு இளகிப்போய் ஒண்ணுக்கும் உதவாம வந்த பிளாக்கை நானே கையில வாங்கியிருக்கேன்.

நாத்தனாருக்குப் பதில்: உடலுறவு வழியா பரவற இந்த வைரஸ் உலகத்துல பெரும்பாலான பெரியவங்களுக்கு ஏதாவது ஒரு வயசுல வந்து, உடம்பே ஒண்ணு ரெண்டு வருஷத்துல துரத்திடுது. சிலருக்கு மட்டும் தங்கி, இருபது முப்பது வருஷம் கழிச்சுக் கேன்சராகுது. எப்ப வந்தது, யாரால வந்ததுன்னு எந்த லேப்பும் சொல்ல முடியாது. அந்த ஸ்லைடைப் பார்த்துப் பார்த்துத் தேஞ்ச கண்ணு இது, நான் சொல்றேன். அதுல ஒருத்தரோட நடத்தை தெரியாதுக்கா.


ரோஜாக்காரர், பாகலூர்:

தங்கச்சி, நானும் அந்த 35ஐப் பார்த்தவன்தான். எனக்கு நாக்கு அடிவேர்ல, 2019ல. பாகலூர்ல ரோஜா போட்டிருக்கேன். காலைல நாலு மணிக்குப் பூ அறுத்துக் குடுத்துட்டு, அதே வண்டியில பெங்களூர் போய்க் கரண்ட் வச்சுட்டு வருவேன். கடைசி ரெண்டு வாரம் மட்டும் முடியல.

நாலாவது வருஷம் கழுத்துல திரும்ப வந்துச்சு. வைரஸ் டைப்புல தாமதமாவும் வரும், அஞ்சு வருஷம் முடிஞ்சாலும் வருஷத்துக்கு ஒரு தடவை காட்டணும்னு டாக்டர் அப்பத்தான் சொன்னார். ஆபரேஷன் பண்ணிக் கழுத்து முடிச்சுகளை எடுத்தாங்க. வலது தோள் இன்னும் முழுசாத் தூக்க வராது, சுவத்துல விரலை நடக்க விட்டுப் பழகறேன். ரெண்டு வருஷமாச்சு, இருக்கேன், பூ அறுக்கிறேன்.

உங்க வீட்டுக்காரருக்கு ஒரே புள்ளின்னு எழுதியிருக்கீங்க. ஒண்ணு ரெண்டுன்னா ஆபரேஷன்லயோ, குறி வச்சு அடிக்கிற கரண்டுலயோ எடுக்கப் பார்ப்பாங்க. இதைக் கட்டாயம் கேளுங்க. திரும்ப வந்தாலே முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. 2014ல வந்த ஒரு ஆய்வை என் டாக்டர் காட்டினார். திரும்ப வந்ததுக்கு அப்புறம் ரெண்டு வருஷம் தாண்டினவங்க, பி16 பாசிட்டிவ்னா நூத்துக்கு 55 பேர் போல, நெகட்டிவ்னா 28 பேர் போல. நான் அந்த 55ல ஒருத்தன்.

புள்ளிகள் அதிகமாகி ஆபரேஷன் முடியாதுன்னு சொல்லிட்டாலும் வழி இருக்கு. இம்யூனோதெரபி மருந்து லட்சக்கணக்குல ஆகும்னு விட்டுடறாங்க. மும்பை டாடா மெமோரியல்ல நிவோலுமாப்பை வழக்கமான அளவுல பத்துல ஒரு பங்குக்கும் குறைவா, மூணு வாரத்துக்கு 20 மில்லிகிராம், மாத்திரைகளோட சேர்த்துக் குடுத்து 2023ல முடிவு வெளியிட்டாங்க. ஒரு வருஷம் தாண்டினவங்க மாத்திரை மட்டும்னா 16 சதவீதம், இதையும் சேர்த்தா 43 ஆச்சு.  இதைக் கேட்டுப் பாருங்க.

தைராய்டு பார்த்தீங்களா? கழுத்துல கரண்ட் வச்சவங்களுக்கு ஆறு மாசம், ஒரு வருஷத்துக்கு ஒரு தடவை டிஎஸ்எச்ங்கற தைராய்டு ரத்த டெஸ்ட் பார்க்கணும். எனக்கு யாரும் பார்க்கல, ஒரு வருஷம் சோர்ந்து கிடந்தேன், கேன்சர்னு நினைச்சேன், கடைசியில தைராய்டு. பல்லு வலிச்சா கரண்ட் வச்சதைச் சொல்லாம பிடுங்க விடாதீங்க, தாடை எலும்பு ஆறாமப் போயிடலாம்.

அவர் மார்க்கெட்டுக்கு வர்றதில்லன்னு எழுதியிருக்கீங்களே, அதுதான் என்னை உறுத்துது. என்கிட்ட பேசச் சொல்லுங்க. நான் வந்து கூப்பிட்டுப் போறேன்.


மல்பெரித் தோட்டம், பாலக்கோடு:

மூணு பேருக்கும் நன்றிங்க. தம்பி எழுதினதை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். காவல்காரனைத் தின்னுடும்ங்கற இடத்துல நிறுத்தச் சொல்லி, மறுபடி படிக்கச் சொன்னார். பீடி உண்டு தம்பி. 18 வயசுல ஆரம்பிச்சு 40ல விட்டார், தினம் ஒரு கட்டு.

பயாப்ஸி எடுக்கலைங்க. நேத்து போய்க் கேட்டோம். “ஸ்கேன்லயே தெரியுதே”ன்னாங்க. நான் தம்பி எழுதினதைச் சொல்லி, டிபி இல்லன்னு எப்படித் தெரியும்னு கேட்டேன். டாக்டர் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்துட்டு, சரி, ஊசி போட்டு எடுத்துடலாம்னு எழுதிக் குடுத்துட்டார். பிளாக் கேட்டதுக்கு முதல்ல இல்லன்னாங்க, அப்புறம் ரெக்கார்ட் ரூம்ல தேடி எடுத்தாங்க. ரெண்டு பிளாக், ஆறு ஸ்லைடு. சின்னதா இருக்கு தம்பி, இதுக்குள்ளயா அவ்வளவும் இருக்கு.

இப்ப ஒரு சந்தேகம். ஊசி பயாப்ஸி வர்ற வியாழக்கிழமை. அதுவரைக்கும் பிளாக்கை வீட்டுல எங்க வைக்கறது? பிரிட்ஜ் இல்ல.


மெழுகு பிளாக், காரிமங்கலம்:

பிரிட்ஜ் வேண்டாம்க்கா. அடுப்படியிலயும் தகரக் கூரைக்கு அடியிலயும் மட்டும் வைக்காதீங்க. நீங்க சின்னப் புழு வளர்க்கிற குளிர்ச்சியான மூலை இருக்கும்ல, அங்க ஒரு டப்பாவுல பஞ்சு சுத்தி வச்சாப் போதும். ஸ்லைடு உடையாம தனித்தனியா பேப்பர்ல மடிச்சு வைங்க. பிளாக் மேல இருக்கிற நம்பரும் பழைய ரிப்போர்ட் நம்பரும் ஒண்ணான்னு இப்பவே பார்த்துடுங்க. எப்பவாவது ஒண்ணு மாறி வந்துடும்.

தினம் ஒரு கட்டு பீடியை டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. வைரஸ் டெஸ்ட்டும் பிடிஎல்1ம் சீட்டுல எழுதி வாங்கிடுங்க.


மல்பெரித் தோட்டம், பாலக்கோடு:

நம்பர் ஒண்ணுதான் தம்பி, ரெண்டு தடவை பார்த்துட்டேன். ஷெட்டுல சாக்கீ (சின்னப் புழு) வளர்க்கிற மூலையில, முட்டை அட்டை வர்ற டப்பாவுல வச்சிருக்கேன். பாகலூர் அண்ணா நேத்து சாயங்காலம் போன்ல இவரோட முக்கால் மணி நேரம் பேசினார். இவர் குரல் கம்மிப்போச்சு, பாதி எனக்கே புரியாது. அண்ணாவுக்கு எல்லாம் புரிஞ்சிருக்கு. வியாழக்கிழமை காலைல பாலக்கோடுல ரயில் ஏறி ஓசூர்ல இறங்கறோம், அண்ணா ஸ்டேஷனுக்கு வர்றேன்னிருக்கார். ரிசல்ட் வந்ததும் இங்கயே எழுதறேன்.